வலசைப் பறவையும் இடைவழிக் குளமும்: சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாடல் – ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

சத்திமுத்தப் புலவரின் நாரை விடு தூதுப் பாடல், பறவைகளின் வலசையைத் தமிழர் முன்பே அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இப்பாடலைப் புறநானூற்றின் 67-ஆம் பாடலோடும் நற்றிணையின் 70-ஆம் பாடலோடும் ஒப்பிடும் இக்கட்டுரை, பறவையின் இனத்தை உறுதிசெய்யும் சான்றாக இவற்றைக் கொள்வதில் உள்ள இடர்ப்பாட்டைச் சுட்டுகிறது. திசை, பருவம், இடைத்தங்கல் ஆகிய மூன்றிலேயே இப்பாடலின் சான்றுமதிப்பு அமைந்துள்ளது என்பதும் காவிரிப் படுகையின் குளமே அதன் மையம் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வலசை, நாரை, தூது, கூதிர், காவிரிப் படுகை, குளம்.

முன்னுரை

கும்பகோணத்தை அடுத்த பட்டீசுவரத்திற்கு அருகில் உள்ளது திருச்சத்திமுற்றம். இவ்வூர்ப் புலவர் ஒருவர் வறுமையால் ஊர்நீங்கி மதுரையில் குளிரில் வாடியபோது, வானில் சென்ற நாரையை நோக்கிப் பாடியதாக வழங்கும் பாடல் தனிப்பாடல் திரட்டில் இடம்பெற்றுள்ளது. நாரையின் அலகுக்கு ஏற்ற உவமை தேடிக்கொண்டிருந்த பாண்டியன் இப்பாடலைக் கேட்டு மகிழ்ந்து புலவரை ஆதரித்தான் என்பது செவிவழிக் கதை. ஒரு பறவையின் உறுப்பைச் சரியாகச் சொன்னதற்காகவே இப்பாடல் போற்றப்பட்டது என்பதை அக்கதை உணர்த்துகிறது. இக்காலப் பறவை ஆர்வலர்கள் இதனை நாடி வருவதற்கும் அதுவே காரணம்.

அவர்கள் வாசிப்பின் போக்கு பெரும்பாலும் ஒன்றே. பாடலில் வரும் பறவைக்குக் காலும் அலகும் சிவப்பு. அது குமரியிலிருந்து வடக்கே போகிறது. ஆகவே அது ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் இனம்பெருக்கிக் குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வரும் வெள்ளை நாரையே என்பர். ஜெர்மனியில் 1822-இல் ஆப்பிரிக்க அம்பு தைத்த உடலோடு திரும்பிவந்த வெள்ளை நாரையைக் கொண்டே ஐரோப்பியர் அதன் பயணத்தைத் தெளிந்தனர் என்றும், தமிழ்ப்புலவர் அதற்கு முன்பே அதைப் பாடிவிட்டார் என்றும் இவ்வாசிப்பு பெருமிதத்தோடு முடிகிறது. இம்முடிவைப் பாடல் எந்த அளவுக்குத் தாங்கும் என்பது ஆராய்தற்குரியது.

இனங்காணலின் எல்லை

‘நாரை’ என்பது ஒரே இனத்தைக் குறிக்கும் பெயரன்று. நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, சாம்பல் நாரை, பூநாரை எனப் பல குடும்பங்களைச் சேர்ந்த பறவைகளுக்கு அது பொதுப்பெயராக வழங்குகிறது. பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ இலக்கியப் பெயர்களை விலங்கியல் நோக்கில் அடையாளம் காண வழிவகுத்தது. ஆயின் அவ்வழியில் செல்வோர் ஒவ்வொரு பாடலின் சொற்களையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

பிளந்த பனங்கிழங்கு என்ற உவமை நீண்டு, நேராகி, நுனி கூர்ந்த அலகைக் காட்டுகிறது. வளைந்த அலகுடைய பூநாரை இதனால் விலகுகிறது. அலகின் செந்நிறம் மஞ்சள்மூக்கு நாரைக்கும் பொருந்தவில்லை. எனவே வடிவாலும் நிறத்தாலும் வெள்ளை நாரையே நெருங்கி நிற்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பயணத்தைப் பொறுத்தவரை பாடல் கேட்பது மிகக் குறைவு. பறவை குமரியிலிருந்து வடக்கே செல்ல வேண்டும். மதுரைக்கு வடகிழக்கே உள்ள சத்திமுத்தத்தில் தங்க வேண்டும். இமயத்தையோ வேறு தொலைநாட்டையோ பாடல் குறிப்பிடவில்லை. நீர்வளம் தேடித் தமிழகத்திற்குள்ளேயே இடம்பெயரும் பறவையும் இத்தூதை நிறைவேற்ற முடியும். ஆகவே உருவத்தைக் கொண்டு இனத்தை ஊகித்து, அவ்வினத்தைப் பற்றி இன்று அறிந்துள்ள நெடும்பயணத்தைப் பாடலுக்குள் ஏற்றிவிட்டு, பின்னர் அதனையே பாடல் தரும் சான்றாகக் காட்டுவது வட்டத் தருக்கமாகும்.

பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாடல் (67) இதற்கு மறுதலையாக நிற்கிறது. அங்கு அன்னச்சேவல் குமரித்துறையில் அயிரை மீனை உண்டு வடமலைக்குப் பெயர்கிறது. தொலைவு இங்கு வெளிப்படை. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்தே இவ்வன்னம் எனக் கொள்வாருக்குத் திசை துணைசெய்கிறது, உணவு தடையாகிறது. வரித்தலை வாத்து புல்லையும் தானியத்தையும் மேய்வது. அயிரை அதன் இரையன்று. ஒரு பாடலில் உருவம் பொருந்தித் தொலைவு இல்லாமற்போகிறது. மற்றொன்றில் தொலைவு பொருந்தி உணவு முரண்படுகிறது. பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது ஆய்வு நெறியாகாது.

திசையும் பருவமும்

இதற்கு எதிர்முனையில் வேறொரு வாசிப்பு உள்ளது. வடக்கே இமயம், தெற்கே குமரி என்பது மரபுவழி எல்லைக் கூற்று. குமரியில் நீராடி வடதிசை செல்வது தீர்த்தயாத்திரையின் வடிவம். ஆகவே நாரை இணை இங்கு யாத்திரிகராக உருவகிக்கப்பட்டதேயன்றிப் பறவை நோக்கு ஏதும் இல்லை என்பது அதன் முடிவு. குமரியில் ‘ஆடுதல்’ புனித நீராடலை நினைவூட்டுவது உண்மையே. எனினும் இவ்வாசிப்பு பாடலின் பருவத்தைக் கருதவில்லை.

புலவர் மதுரையில் வாடைக்காற்றில் ஆடையின்றி ஒடுங்கிக் கிடக்கிறார். அவர் மனைவி ஊரில் ஈரம் ஊறிய சுவர்களுக்கிடையே பல்லியின் ஒலியில் நிமித்தம் பார்த்திருக்கிறாள். வாடையும் சுவரின் ஈரமும் சேர்ந்து சுட்டுவது கூதிர்ப் பருவத்தை. அதாவது வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையையும் அதை ஒட்டிய நாள்களையும். பனங்கிழங்கு தை மாதத்தில் கிடைப்பதைக் கொண்டு காலத்தைச் சற்றுப் பின்தள்ளலாம். ஆனால் உவமை நினைவிலிருந்தும் வரக்கூடும் என்பதால் அதனை அழுத்திச் சொல்ல இயலாது. எவ்வாறாயினும், வடபுல நீர்ப்பறவைகள் தமிழகத்திற்கு வந்துசேரும் காலமும் வந்து தங்கும் காலமும் இதுவே. அவை வடக்கே திரும்புவது மாசி, பங்குனியை ஒட்டி.

இங்கு ஒரு முரண் எழுகிறது. பறவைகள் தெற்கு நோக்கி வரும் பருவத்தில் புலவர் வடக்கு நோக்கிச் செல்லும் பறவையிடம் தூது சொல்கிறார். இம்முரணைத் தீர்ப்பது பாடலில் உள்ள ‘ஆயின்’ என்னும் நிபந்தனைச் சொல். நாரை இப்போது வடக்கே போகிறது என்று பாடல் கூறவில்லை. குமரிக்குச் சென்று பின் வடக்கே போவதானால் என்றே கூறுகிறது. பிசிராந்தையாரின் பாடலும் இதே நிபந்தனை வடிவில் அமைந்துள்ளது. வருகையின்போதே திரும்புதலும் உறுதி என்ற அறிவு இந்நிபந்தனையில் உறைந்துள்ளது. எல்லைக் கூற்றாக மட்டும் இருந்திருந்தால் போதலைச் சொன்னால் போதும்; சென்று மீளுதலைச் சொல்லத் தேவையில்லை.

இவ்வாறு கொண்டால் பாடலின் துயரமும் மாறுகிறது. வெள்ளை நாரையோ அதனைப்போல் பருவந்தோறும் மீளும் பறவையோ வடக்கே திரும்பும்போது வாடை ஓய்ந்திருக்கும். கணவன் குளிரில் நடுங்கிய செய்தி மனைவியை அடைகையில் அக்குளிர் இராது. அவன் நிலையும் என்னவாகியிருக்கும் என்று அவள் அறியாள். உடனடி உதவியைக் கேட்கும் தூது அன்று இது. வேறு ஆளில்லாத ஒருவன், என்றேனும் போய்ச்சேரும் என்ற நம்பிக்கையில் விடுத்த சொல்.

நற்றிணையின் 70-ஆம் பாடல் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். வெள்ளிவீதியாரின் தலைவி தூது வேண்டும் சிறுகுருகு தலைவன் ஊரிலிருந்து வந்து, தலைவியின் ஊர்த் துறையில் மீனுண்டு, மீண்டும் அவன் ஊருக்கே செல்வது. அது இரைதேடி அன்றாடம் சென்றுவரும் தொலைவு. அதனால்தான் செய்தி சொல்லாத குருகின் மறதியைத் தலைவி நொந்துகொள்ள முடிகிறது. நாரையிடம் அத்தகைய நோதல் இல்லை. அடுத்த ஊர்ப் பறவைக்கும் தொலைவழிப் பறவைக்கும் உள்ள வேறுபாட்டைத் தூதின் தொனியே காட்டிவிடுகிறது.

இடைவழியாகச் சோழநாடு

பிசிராந்தையார், சத்திமுத்தப் புலவர் ஆகிய இருவர் பாடலிலும் பாடுவோர் பாண்டிய நாட்டில் இருக்கின்றனர். செய்தி சேரவேண்டிய இடம் சோழநாடு. பறவை தன் இணையோடு தங்கவேண்டியதும் அங்கேயே. உறையூரில் கோப்பெருஞ்சோழனின் மாடமும், சத்திமுத்தத்தில் ஊர்க்குளமும் தங்கலிடங்களாகின்றன. அரசனின் நண்பர் அன்னத்தை அரண்மனைக்கு அனுப்புகிறார். வறியவர் நாரையைக் குளத்திற்கு அனுப்புகிறார். நீர்ப்பறவையின் இயல்புக்கு இணங்குவது இரண்டாவதே.

புறநானூற்றுப் பாடலில் இடைத்தங்கல் பரிசில் பெறும் வாய்ப்பு. இங்கோ அது பறவையின் தேவை. பறவை தனக்காக நீரில் இறங்கும்போதுதான் புலவரின் செய்தியும் இறங்குகிறது. குளம் இல்லையெனில் தூதும் இல்லை.

இப்பாடலை இன்றைய படுகையோடு இணைப்பதும் அதுவே. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் பாசன ஏரிகள்; பறவைகளுக்கெனத் தோண்டப்பட்டவையல்ல. கொள்ளிடத்திற்கு வடக்கே, புள்ளம்பாடி வாய்க்கால்வழிக் காவிரிநீர் பெறும் கரைவெட்டியும் அத்தகையதே. அங்கு வரித்தலை வாத்துகள் வந்து தங்குகின்றன. 2002-இல் கோடியக்கரையும், 2022-இல் வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும், 2024-இல் கரைவெட்டியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. மேட்டூர் நீரும் வடகிழக்குப் பருவமழையும் குளங்களை நிரப்பி, சம்பா வயல்கள் நீர் தாங்கி நிற்கும் காலமும் வலசைப் பறவைகள் வரும் காலமும் ஒன்றாகின்றன. உழவனுக்கான நீரே பறவைக்கும் தங்கலிடமாகிறது.

நீர்நிலைகளைக் காக்க வேண்டும் என்போர் இப்பாடலைத் துணைக்கு அழைக்கும்போது இனப்பெயரை முன்வைத்தால், அவ்வினங்காணல் மறுக்கப்படும் நாளில் அவர்கள் வாதமும் வலுவிழக்கும். பாடல் ஐயத்திற்கிடமின்றிச் சொல்வது குளத்தைத்தான். பெயர்பெற்ற சரணாலயத்தையன்று, ஒரு சிற்றூரின் குளத்தை.

முடிவுரை

சத்திமுத்தப் புலவரின் பாடலைக் களப்பதிவாகக் கொள்வதும் வெறும் மரபுக் கூற்றாக ஒதுக்குவதும் குறைவாசிப்புகளே. இனம் இதில் ஊகத்திற்குரியது, தொலைவு சொல்லப்படவில்லை. வந்த பறவை மீளும் என்ற உறுதியும், அது வரும் பருவத்தின் ஈரமும், வழியில் அதற்கு ஒரு குளம் வேண்டும் என்ற அறிவும் பாடலில் உறுதியாக உள்ளன. 1822-இல் வந்த நாரை தன் உடலில் தாங்கிய அம்பால் தான் சென்ற நாட்டைக் காட்டியது. இப்பாடலின் நாரை காட்டுவது சென்ற நாட்டையன்று, இறங்கவேண்டிய நீரை. பழந்தமிழ்ப் பாடல்களை இயற்கை வரலாற்றுச் சான்றாக ஆள்வோர், அவை எதனைச் சொல்கின்றன என்பதோடு எதனைச் சொல்லாமல் விடுகின்றன என்பதையும் பதிவு செய்தல் வேண்டும்.