பத்து தௌ

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் வடிந்து பத்து நாள் இருக்கும். முடிச்சூரில் ஒரு வீட்டு வாசலில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றின் பானெட்டைத் திறந்தார்கள். ஹெரால்டில் பானெட் என்பது வெறும் மூடியல்ல. இரண்டு பக்க மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து காரின் மொத்த முகமே முன்பக்கமாகக் கவிழும். எஞ்சின் நடுவில் தனியாக நிற்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இத்தாலியரான மிக்கேலொட்டி வடிவமைத்த கார் இது. மெக்கானிக்கின் முதுகை இவ்வளவு நினைத்துப் பார்த்த வேறொரு காரை நான் பார்த்ததில்லை.

அந்தக் கார் பிறந்த இடம் அங்கிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டைச் செய்தது. இங்கிலாந்தில் இதே காரின் எஞ்சின் 1147, 1296 சிசி என்று பெருத்துக்கொண்டே போனது. நம்முடையது கடைசிவரை 948 சிசியிலேயே நின்றது.

மெக்கானிக்குக்கு எழுபதை நெருங்கும் வயது. மேற்குத் தாம்பரத்தில் ஷெட். எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. எஞ்சினுக்கு மேலே மூன்று நாள் தண்ணீர் நின்றிருந்தது. சாவியைத் தொடவே விடவில்லை அவர். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட்டரைப் போட்டால், தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் காருக்கு அடியில் படுத்து சம்ப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். ஆயிலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் முதலில் அதுதான் சொட்டியது. பிறகு பால் காப்பி நிறத்தில் ஆயில் வந்தது. பிளக் நாலையும் கழற்றி, டாப் கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சிவப்பு ஆயில் வெளியே வந்தது. ஆட்டோமேடிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். நம் ஷெட்டுகளில் அதற்கு ஸ்டியரிங் ஆயில் என்று பெயர், பவர் ஸ்டியரிங்குக்கும் அதையே ஊற்றுவதால். வெயிலில் பிடித்துப் பார்த்தால் நன்னாரி சர்பத் மாதிரி அழகான நிறம். சாயம் போட்ட நிறம்தான் அது. காருக்கு அடியில் ஒரு சொட்டு விழுந்தால் எஞ்சின் ஒழுகுகிறதா கியர்பாக்ஸ் ஒழுகுகிறதா என்று பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்த்தது. இந்த ஆயிலுக்கு ஒரு முன்கதையும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1949-இல் இதற்கு முதல் தரநிர்ணயம் வகுத்தது. கியர்பாக்ஸின் கிளட்ச் தட்டுகள் வழுக்காமலும் வெடுக்கென்று பிடிக்காமலும் இருக்க அந்நாளில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். எழுபதுகளில் அமெரிக்கச் சட்டம் திமிங்கிலங்களைக் காக்க முன்வந்த பிறகுதான் மாற்று தேடினார்கள்.

பிளக் துளை ஒவ்வொன்றிலும் மேஸ்திரி அந்தச் சிவப்பு ஆயிலைச் சின்ன அளவுக் குப்பியால் ஊற்றினார். அதிகமில்லை, ஒரு சங்கு மருந்து அளவு. துளைகளைத் துணியால் மூடிவிட்டு, "நாலு நாள் கழிச்சு வரேன் சார். அதுவரைக்கும் யாரும் கை வெக்காதீங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அந்த நாலு நாள்தான். மெல்லிய ஆயில் ரிங்குக்கும் சுவருக்கும் இடையே தானாக இறங்கிக்கொண்டிருக்க, கைதேர்ந்த ஒரு மனிதர் வீட்டில் சும்மா இருந்தார்.

ஐந்தாம் நாள் கார் ஒரு விரற்கடை அசைந்தது. பிறகு இரண்டு. மதியத்துக்குள் எஞ்சின் முழுச் சுற்று சுற்றியது.

கூடி நின்றவர்களில் ஒருவர் கேட்டார்: "இவ்வளவு நல்ல ஆயிலா இருக்கே மேஸ்திரி, இதையே அரை லிட்டர் எஞ்சின்ல ஊத்தினா டேப்பட் சத்தமும் போயிடுமாமே?" பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் எப்போதாவது கேட்கும் யோசனை இது. இதற்கு ஒரு நியாயமான ஊற்றுக்கண்ணும் இருக்கிறது. ஸ்டாண்டர்டு தொழிற்சாலை இருந்த அதே ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் தெற்கே, மறைமலை நகரில் 1999-இல் ஃபோர்டு ஐகான் வந்தது. அதன் ரோகேம் எஞ்சினில் வால்வு இடைவெளியை யாரும் வைக்க வேண்டாம். எஞ்சின் ஆயிலே ஒரு குட்டி உருளைக்குள் நிறைந்து, இடைவெளியைத் தானே எடுத்துக்கொள்ளும். அதற்கு ஹைட்ராலிக் லிஃப்டர் என்று பெயர். உள்ளே கசடு படிந்து உருளை ஒட்டிக்கொண்டால் டக் டக் என்று தட்டும். அங்கே மெல்லிய ஆயில் போய்ச் சேர்ந்தால் சில நேரம் விடுபடும். இந்த வைத்தியம் பிறந்தது அப்படிப்பட்ட எஞ்சின்களில்.

ஹெரால்டிலும் அம்பாசடரிலும் அந்த உருளை கிடையாது. வால்வை அமுக்கும் ராக்கர் ஆர்மின் ஒரு முனையில் ஒரு ஸ்குரூ, ஒரு லாக் நட், அவ்வளவுதான். எந்த ஆயிலை ஊற்றினாலும் ஸ்குரூ தானாகத் திரும்பாது. சிவப்பு ஆயில் அழுக்கை அதிகமாகக் கரைக்கும் என்பதும் சரியல்ல. புகையையும் அமிலத்தையும் தினம் சமாளிக்க வேண்டிய எஞ்சின் ஆயிலில்தான் டிடர்ஜென்ட் கூடுதல். கியர்பாக்ஸுக்குள் நெருப்பே இல்லை. அரை லிட்டர் சேர்த்தால் 20டபிள்யூ-50 ஆயில் மெலியும், தேய்ந்த பேரிங்குக்கு வேண்டிய படலம் குறையும். கிளறிவிட்ட கசடு ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் அதோடு எஞ்சின் போச்சு.

மேஸ்திரி இதையெல்லாம் சொல்லவில்லை. ராக்கர் ஷாஃப்டைக் கழற்றி எடுத்துவந்து, அதிலிருந்த சின்னத் துளைகளைக் காட்டினார். ஹெட்டிலிருந்து மேலே ஏறும் ஆயில் இந்தத் துளைகள் வழியாகத்தான் ஒவ்வொரு ராக்கருக்கும் போய்ச் சேரும். இரண்டு துளைகள் தார் மாதிரி அடைத்திருந்தன. ஒரு தட்டில் சிவப்பு ஆயிலை ஊற்றி ஷாஃப்டை ராத்திரி முழுக்க ஊறப்போட்டார். காலையில் மெல்லிய கம்பியால் குத்தித் துடைத்தார். ஆயில் அதேதான். எஞ்சினுக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாமல், அடைத்த இடத்தை வெளியே எடுத்துவந்து அதற்கு மட்டும் கொடுத்தார்.

அதன் பிறகு டேப்பட், ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே விடும் இடைவெளி. ஹெரால்டுக்கு எஞ்சின் ஆறிய நிலையில் பத்து தௌ, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு. ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். எட்டு வால்வுக்கும் ஒரு ஒன்பதுக் கணக்கு உண்டு. எட்டாவது முழுக்க அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதை வைக்க வேண்டும், ஆறாவது அமுங்கினால் மூன்றாவதை. ஷெட் பையன் டாப் கியரில் காரை அங்குலம் அங்குலமாகத் தள்ள, மேஸ்திரி இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகி இழுத்தார். நனைந்த வாழையிலை ஒன்றை இன்னொன்றின் அடியிலிருந்து உருவும்போது ஒரு மெல்லிய பிடி தெரியுமே, அந்தப் பிடி கையில் வர வேண்டும்.

ஐந்தாவது வால்வில் நிறுத்தி, கேஜை மடக்கிவிட்டார். வால்வுத் தண்டு தட்டித் தட்டி அந்த ராக்கரின் முகத்தில் குழி விழுந்திருந்தது. தட்டையான தகடு குழியின் மேலே பாலம் போட்டுக் கிடக்கும். தகடு பத்து என்று சொன்னாலும் உள்ளே பதினான்கு இருக்கும். ராக்கரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டி, விரலுக்குத் தெரிந்த ஆட்டத்தை வைத்தே ஸ்குரூவைத் திருப்பினார். மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசையைக் கூட்டியும் குறைத்தும் தட்டிப் பார்ப்பவர்களிடம் அதே முகத்தைக் கண்டிருக்கிறேன்.

புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும், சிலிண்டரில் மிச்சமிருந்த சிவப்பு ஆயில் எரிந்து தெரு முழுக்க வெள்ளைப் புகை. புகை அடங்கியதும் நீளத் திருப்புளியின் மரப்பிடியைக் காதோடு வைத்து, நுனியை ராக்கர் மூடியில் இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். கேம் ஷாஃப்ட் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் டேப்பட் சத்தம் நிதானமாக, மேலிருந்து வரும். பேரிங் போயிருந்தால் கனமாக, அடிவயிற்றிலிருந்து, எஞ்சினின் முழு வேகத்தில் வரும். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்க எனக்குப் பல வருஷம் ஆனது.

"இன்னும் லேசா டிக்டிக்னு கேக்குதே மேஸ்திரி?" என்றார் வீட்டுக்காரர்.

"கேக்கணும் சார். சுத்தமா கேக்கலன்னா வால்வு சரியா மூடலன்னு அர்த்தம், கருகிடும்."

சொல்லிவிட்டாரே தவிர, எஞ்சினை அணைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அது நன்றாக ஆறியதும் மறுபடி வந்தார். ஐந்தாவது வால்வின் லாக் நட்டைத் தளர்த்தி நூலளவு திருப்பி இறுக்கினார். திரும்ப ஸ்டார்ட் செய்தார்கள். கூர்ந்து கேட்டேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காரைத் தள்ளிய பையன் மட்டும் தலையாட்டினான். அவனுக்குக் கேட்டிருக்கிறது.