விண்வெளி நிகழ்பட ஆட்டங்களில் வசதியும் நம்பகத்தன்மையும்

விண்வெளி நிகழ்பட ஆட்டங்களில், ஆடுபவரின் வசதிக்காகச் செய்யப்படும் ஏற்பாடுகள் அந்த ஆட்டத்தின் கதையுலக விதிகளோடு அடிக்கடி மோதுகின்றன. நொடிப்பொழுதில் பயணம், இறந்தபின் மீண்டும் பிறத்தல், தீராத எரிபொருள் ஆகியவை இத்தகைய வசதிகள். இவற்றுள் எது கதையைக் கெடுக்கிறது, எது கெடுக்கவில்லை என்பதை மூன்று ஆட்டங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

வசதியின் தேவை

வசதி கேட்பதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2014 டிசம்பரில் வெளிவந்த எலைட் டேஞ்சரஸ், பால்வழி மண்டலத்தை ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் தொகுதிகளுடன் உண்மை அளவிலேயே அமைத்தது. அதில் ஆல்பா சென்டாரியில் உள்ள ஹட்டன் ஆர்பிட்டல் நிலையம், கலம் வந்து சேரும் இடத்திலிருந்து 0.22 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கே போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் இளைஞருக்கு நாளெல்லாம் சேர்த்து மிஞ்சுவதே அந்த ஒரு மணி நேரம்தான்.

விதியை மீறிய வசதி

இத்தகையோர் நண்பருடன் உடனே சேர்ந்து ஆட, எலைட் டேஞ்சரஸ் 2017 ஏப்ரலில் ஒரு வழி செய்தது. பால்வழியின் எந்த மூலையில் இருந்தாலும், நண்பரின் கலத்தில் ஒளியுருவாகத் தோன்றிப் பணியாற்றலாம். ஆனால் இதே ஆட்டத்தில் தொலைதூர விண்மீன்களை ஆய்ந்தவர், தம் தரவுகளைக் கலத்திலேயே சுமந்து வந்து நிலையத்தில் விற்க வேண்டும். வழியில் கலம் அழிந்தால் தரவும் போய்விடும். ஆளின் உருவத்தையே நொடியில் அனுப்ப முடிகிற உலகில், தரவை அனுப்ப முடியாதது ஏன்? இதற்குப் பொருத்தமான விடை இல்லை.

உண்மை விண்வெளியில் தொலைவு இவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தபோது, ஒரு செய்தி அங்கு எட்ட 12 நிமிடத்துக்கு மேல் ஆனது. ஓசூரிலிருந்து எல்லை தாண்டினால் வரும் பெங்களூரை அடுத்த பயலாலுவில் 32 மீட்டர் விட்டமுள்ள அலைவாங்கி இருந்தும், அந்நேரத்தில் கலத்தைக் கையால் ஓட்ட முடியாது. கட்டளைகளை முன்கூட்டியே ஏற்றி வைத்தார்கள். கலம் தானே இயங்கியது.

மாஸ் எஃபெக்ட் செய்த பிழை வேறு வகை. 2007இல் வந்த முதல் ஆட்டத்தில் துப்பாக்கி சூடேறினால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். 2010இல் வந்த இரண்டாம் பாகத்தில் சண்டையின் வேகத்துக்காக வெப்பக் குப்பிகள் வந்தன. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் வந்த புதுமை என்று கதை சொல்கிறது. ஆனால் பத்து ஆண்டுகளாக வெளியுலகத் தொடர்பற்றுக் கிடக்கும் ஒரு கோளிலும் அதே குப்பிகள் கிடைக்கின்றன. மாற்றத்தைவிட, சொன்ன காரணத்தை ஆக்கியோரே மறந்ததுதான் குறை.

விலையுள்ள வசதி

2003இல் வந்த ஈவ் ஆன்லைன் இதைச் சரியாகக் கையாண்டது. விமானி இறக்கும் நொடியில் அவரது நினைவு வேறோர் உடலுக்கு மாற்றப்படுகிறது. கலமும் உடலில் பொருத்திய கருவிகளும் திரும்பக் கிடைப்பதில்லை. மறுபிறப்பு என்ற வசதியே இங்கு கதையின் அடித்தளமாகிறது.

நம் கதைசொல்லிகள் இதை முன்பே அறிந்திருந்தனர். விக்கிரமாதித்தனுக்கு ஆயிரம் ஆண்டு அரியணை வரம். அதை இரண்டாயிரமாக நீட்டப் பட்டி கண்ட வழி காடாறு மாதம், நாடாறு மாதம். வரம் மீறப்படவில்லை, ஆனால் அரசன் பாதிக் காலம் காட்டில் அலைய வேண்டும். அந்த விலையே கதைகளைப் பிறப்பித்தது.

மதிப்பீடு

ஒரு வசதியை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். அதற்கு விலை உண்டா? அதே விதி ஆட்டத்தின் மற்ற இடங்களிலும் செல்லுமா? இரண்டுக்கும் ஆம் என்றால், நேரமில்லாதவரும் ஆடலாம், உலகமும் நம்பும்படி நிற்கும். காரணம் சொல்ல முடியாத இடத்தில், இது ஆட்டத்துக்கான ஏற்பாடு என்று வெளிப்படையாக விட்டுவிடுவது, அரைகுறை விளக்கம் தருவதைவிட நல்லது.