உடலுக்கேற்ற ஜாய்ஸ்டிக்: இணைத்தால் மட்டும் போதுமா?

ஜெர்மனியின் ஹாலே நகரில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக 1894இல் தொடங்கப்பட்ட பெர்க்மன்ஸ்ட்ரோஸ்ட் மருத்துவமனை இன்று தண்டுவடக் காயங்களுக்கும் சிகிச்சை அளிக்கிறது. கழுத்தருகே தண்டுவடம் அடிபட்டு விரல்கள் செயலிழந்தவருக்குக் கடையில் வாங்கும் ஜாய்ஸ்டிக் பயன்படாது. மோவாயாலோ புறங்கையாலோ தள்ளத்தக்க ஒன்றே அவருக்குத் தேவை. அப்படிப்பட்ட ஜாய்ஸ்டிக்கை, அவர் இயக்கும் ரோபோவின் கண்ட்ரோலரில் உள்ள அனலாக் உள்ளீட்டில் நேரடியாக இணைக்கும் வழக்கத்தை இந்தக் கோணத்திலிருந்தே மதிப்பிட வேண்டும்.

இதன் பெரும்பலம் எளிமை. அனலாக் உள்ளீடு எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று கேட்பதில்லை. வோல்டேஜை மட்டுமே அளக்கிறது. 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டருக்கு 5 வோல்ட் கொடுத்தால் நடுநிலையில் 2.5 வோல்ட் வரும். ஆர்டுயினோ ஊனோ என்ற கண்ட்ரோலர் பலகை அதை 0 முதல் 1023 வரையிலான அளவில் ஏறக்குறைய 512 என்று படிக்கும். பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

பொருந்தாத ஜாய்ஸ்டிக் வரும்போதுதான் சிக்கல். பழைய கணினிகளின் 15 முனை ஜாய்ஸ்டிக்கில் ஒவ்வொரு அச்சுக்கும் 100 கிலோ ஓம் மாறுமின்தடை உண்டு. ஆனால் அதன் இரு முனைகள் மட்டுமே வெளியே வரும். உள்ளீட்டிலிருந்து தரைமுனைக்கு (கிரவுண்ட்) ஒரு 100 கிலோ ஓம் மின்தடையைச் சேர்த்தால் ரோபோ நகரத் தொடங்கிவிடும். பலரும் அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அளந்து பார்த்தால் ஒரு கோடியில் 5 வோல்ட், நடுவில் 3.33, மறுகோடியில் 2.5. ஒரு பக்கம் 341 படிகள், மறுபக்கம் 171 மட்டுமே. முன்னே போகும் நுட்பத்தில் பாதிதான் பின்னே வரும்போது கிடைக்கும். மின்தடையை 10 கிலோ ஓமாகக் குறைத்தால் உள்ளீடு நிலையாகப் படிக்கும். ஆனால் சமனின்மை பன்மடங்காகிவிடும். இரு பக்கத்தையும் தனித்தனியே அளந்து நிரலில் ஈடுகட்டுவதே தீர்வு.

வயர் அறுந்தால் என்ன ஆகும் என்பது இதைவிட முக்கியமான கேள்வி. முதலில் சொன்ன பொட்டென்ஷியோமீட்டரின் மூன்று முனை இணைப்பில் தரை வயர் விட்டுப்போனால் உள்ளீடு 5 வோல்ட் காட்டும். கண்ட்ரோலர் அதை முழு வேகக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். 100 கிலோ ஓம் சேர்த்த இரு முனை இணைப்பில் ஜாய்ஸ்டிக்கின் வயர் அறுந்தால் பூஜ்யம் வரும். வழக்கமான எல்லை 2.5 வோல்ட்டில்தான் தொடங்குகிறது என்பதால் பழுது உடனே தெரிந்துவிடும். மட்டமாகத் தோன்றும் இணைப்பு இந்த ஒரு விஷயத்தில் மேலானது.

ஆகவே இவ்வழக்கம் வேண்டியதே. உடலைக் கருவிக்காக வளைக்காமல் கருவியை உடலுக்காக மாற்றுகிறது. ஆனால் மனிதரைச் சுமக்கும் எந்திரத்தில் தனி அவசர நிறுத்தம் இல்லாமல் இதை அனுமதிக்கக் கூடாது. இணைத்து முடித்ததும் ஒவ்வொரு வயரையும் கழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ரோபோ நின்றால் மட்டுமே அதை இன்னொருவரிடம் ஒப்படையுங்கள்.