நாற்கூற்று மருந்தும் உழைச்செல்வானும்

மருத்துவனுக்கும் நோயாளிக்கும் இடையுள்ள நம்பிக்கையைத் தமிழ் நூல்களில் ஆராயப் புகுவோர்க்குப் பெருமாள் திருமொழியில் குலசேகரர் கூறும் உவமையே முதற்கண் நினைவிற்கு வரும். அறுத்தும் சுட்டும் நோய் தீர்ப்பவன்மீது நோயாளி கொண்ட அன்பு குறையாததுபோல, வித்துவக்கோட்டு இறைவன் துயரே தரினும் தம் அன்பு குறையாது என்கின்றார் அவர். உவமை சிறந்ததே. எனினும் அது வேறு புகலில்லாப் பத்தனின் நிலையை விளக்க வந்தது. மருத்துவமனை ஒழுக்கத்திற்கு அதனை விதியாகக் கொள்ளுதல் பொருந்தாது.

அவ்விதியை நாடுவார் திருக்குறளில் மருந்து அதிகாரத்து இறுதிக் குறளை நோக்கல் வேண்டும். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என நான்கு உறுப்புக்களை வள்ளுவர் ஆண்டு வகுத்தார். பரிமேலழகர் ஒவ்வொன்றற்கும் நந்நான்கு இயல்புகளை எண்ணுமிடத்து, நோயாளிக்குப் பொருளுடைமையை முதலில் வைத்தார். சரகர் நோயாளிக்குக் கூறிய நான்கனுள் பொருள் இல்லை. நினைவாற்றலும் அஞ்சாமையும் உள. வாக்படரின் அட்டாங்க இருதயத்திலோ செல்வமுடைமையே முன்நிற்கின்றது. உரையாசிரியர் பின்னையதன் மரபைத் தழுவினார் போலும். மூலத்தில் பொருள் பற்றிய குறிப்பு யாதுமில்லை. நோயாளியின் கைப்பொருளை மருத்துவத்தின் உறுப்பாக எண்ணத் தொடங்கிய இடத்திலேயே ஐயமும் நுழைந்துவிடுகின்றது என்பது எமது துணிபு.

உழைச்செல்வானை மருந்து இயற்றுவான் என்றே உரை கொண்டது. இக்காலச் செவிலியரை அது சுட்டும் எனின், யாம் மறுக்கவில்லை. ஆயினும் பக்கத்தே செல்பவன் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். நம் நாட்டில் நோயாளியின் பக்கத்தே இரவும் பகலும் இருப்போர் பெரும்பாலும் உறவினரே. 2024 நவம்பரில் சென்னைக் கிண்டியிலுள்ள அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியாற் குத்தப்பட்டார். அதற்கெனக் கைதானவர் ஆண்டு மருத்துவம் பெற்றிருந்த பெண்ணின் மகன். அச்செயற்கு எவ்வகை அமைதியும் கூறற்கில்லை. இத்தகைய வன்செயலைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது, தண்டித்தலும் வேண்டும். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு உறவினர் குற்றம் புரிந்த பின்னரே தென்படுவர். குறளோ பக்கத்திருப்பவனை முன்னரே மருந்தின் ஒரு கூறாக எண்ணுகின்றது. நோயின் நிலையும் மருந்தின் எல்லையும் அவனுக்கு எடுத்துரைக்கப்படாதவிடத்து, நான்கனுள் ஒன்று வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகின்றது.

பிறிதொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. நோய்நிலையை மருத்துவனுக்கு உணர்த்துதல் நோயாளியின் கடன் என உரை கூறுகின்றது. மருத்துவன் நோயாளிக்கு உணர்த்த வேண்டுவது யாது என்பதைக் கூறிற்றில்லை. தீர்ப்பவனுக்குரிய நான்கனுள் மன மொழி மெய்களின் தூய்மை ஒன்றே அதற்கு அணுக்கமாக உள்ளது. மொழித்தூய்மை என்பதனுள் உண்மையை உரிய காலத்தில் உரைத்தலையும் அடக்க இடமுண்டு என்றே யாம் கருதுகின்றோம்.