வேட்டைப் படமும் விமரிசனமும்

ஒரு புகைப்படத்தை நாலு பேர் பார்க்கும்படி வைத்துவிட்டவர், அந்த நிமிஷத்திலிருந்து ஒரு நூலாசிரியர் ஆகிவிடுகிறார். நூலாசிரியருக்குக் கிடைக்கும் மாலையும் அவருக்கு உண்டு. விழுகிற அடியும் உண்டு. கொன்ற மிருகத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்து வெளியிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கண்டனம் வந்ததும் திகைத்துப் போய், ‘நான் செய்தது சட்டப்படி சரிதானே?’ என்று கேட்கிறார்கள். சட்டத்துக்குக் கொஞ்சமும் விரோதமில்லாத மோசமான நாவல்கள் எத்தனையோ இருக்கின்றன. சட்டத்தைக் காட்டி எந்த விமரிசகரின் வாயையும் யாரும் அடைத்ததில்லை.

ஸ்பெயின் தேசத்தின் மன்னராக இருந்த யுவான் கார்லோஸின் கதையை எடுத்துக்கொள்வோம். 2012 ஏப்ரலில் அவர் ஆப்பிரிக்காவிலுள்ள போட்ஸ்வானாவுக்கு யானை வேட்டைக்குப் போனார். போன இடத்தில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மாட்ரிட் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அதனால்தான் விஷயமே ஊருக்குத் தெரிந்தது. அப்போது ஸ்பெயினில் உழைக்கத் தயாராயிருந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. 25 வயதுக்கு உட்பட்டவர்களிலோ பாதிப் பேருக்கு இல்லை. இந்தச் சமயம் பார்த்து, 2006-ல் எடுத்த ஒரு பழைய வேட்டைப் படமும் வெளிச்சத்துக்கு வந்தது. துப்பாக்கியும் கையுமாக மன்னர் நிற்கிறார். பக்கத்தில் வேட்டைத் தொழிலாளி ஒருவர். பின்னால், ஒரு மரத்தில் முட்டுக் கொடுத்தாற்போல் யானை செத்துக் கிடக்கிறது.

போட்ஸ்வானாவில் அன்று யானை வேட்டைக்குத் தடை கிடையாது. தடை வந்தது 2014-ல். அதையும் 2019-ல் நீக்கிவிட்டார்கள். சட்டம் மன்னர் பக்கம்தான் இருந்தது. ஆனால் உலக இயற்கை நிதியத்தின் ஸ்பெயின் கிளைக்கு 1968 முதல் அவரே கௌரவத் தலைவர்! அங்கத்தினர்கள் 2012 ஜூலையில் கூடி, வோட்டுப் போட்டு, அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்.

மன்னர் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போது தம் பாஷையில் 11 வார்த்தைகள் சொன்னார். மிகவும் வருந்துகிறேன், தவறு செய்துவிட்டேன், இனி இப்படி நடக்காது என்பது அவற்றின் பொருள். ஒரு மன்னர் இவ்வளவு சுருக்கமாக, சாக்குச் சொல்லாமல் பேசியதை நான் மெச்சுகிறேன். இருந்தாலும் விமரிசகன் என்ற முறையில் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். அந்த 11 வார்த்தைகளில் எது தவறு என்பது இல்லை. யானையைக் கொன்றதா? நாடு பசித்திருக்கும்போது உல்லாசப் பிரயாணம் போனதா? அல்லது அகப்பட்டுக்கொண்டதா? கேட்டவர்கள் அவரவர் கோபத்துக்கு ஏற்ப நிரப்பிக்கொண்டார்கள்.

வேட்டைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்களை நான் தள்ளிவிடவில்லை. வேட்டைக்காரர் கட்டும் பணம் காட்டைக் காப்பதற்கு உதவுகிறது என்கிறார்கள். இறைச்சி கிராமத்தாருக்குப் போகிறது என்கிறார்கள். போட்ஸ்வானாவில் யானைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். விளைந்த பயிரை ஒரே ராத்திரியில் யானைக் கூட்டம் மிதித்துவிட்டுப் போனால், அந்தக் குடியானவனுக்கு மாட்ரிட்காரர்களின் இரக்கம் சோறு போடாது. இதெல்லாம் யோசிக்க வேண்டிய பேச்சுத்தான்.

ஆனால் இதில் ஒன்றாவது அந்தப் படத்தில் இருக்கிறதா? மிதிபட்ட வயல் இல்லை. இறைச்சி வாங்க நிற்கும் ஜனங்கள் இல்லை. பல நாள் தடம் பார்த்து நடந்த களைப்புக்கூட இல்லை. இருப்பதெல்லாம் மேலே ஒரு மனிதர், கீழே ஒரு சவம். இப்படித்தான் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுத்தது படம் எடுத்துக்கொண்டவர்கள்தான். ஆசிரியர் எதை வைத்தார், எதை விட்டார் என்று பார்ப்பதே விமரிசனத்தின் வேலை. ‘என் மனசில் இருந்தது வேறு’ என்று பிற்பாடு சொல்லும் நாவலாசிரியரை யாரும் மன்னிப்பதில்லை. வேட்டைக்காரருக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை?

இதே விஷயத்தை எழுத்து எப்படிக் கையாண்டிருக்கிறது என்று பாருங்கள். ஜார்ஜ் ஆர்வெல் பர்மாவில் போலீஸ் உத்தியோகத்தில் இருந்தவர். யானையைச் சுட்டது பற்றி அவர் எழுதிய கட்டுரை 1936-ல் வெளிவந்தது. சுட வேண்டிய அவசியம் இல்லை என்று அதில் வரும் அதிகாரிக்குத் தெரிகிறது. ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒரு பெருங்கூட்டம் நிற்கிறது. அவர்கள் சிரித்துவிடக் கூடாதே என்று சுடுகிறான். யானை சீக்கிரம் சாகவும் இல்லை. வாசகன் சொல்லக்கூடிய கண்டனத்தை எல்லாம் ஆசிரியரே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். வேட்டைப் படத்திலும் அந்தக் கூட்டம் உண்டு. காமிராவுக்குப் பின்னால் நிற்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இனி விமரிசகர்கள் பக்கம். அவர்களும் தராசில் ஏற வேண்டியவர்களே. 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயில், ஹ்வாங்கே வனப் பூங்காவுக்கு வெளியே ஸெஸில் என்ற சிங்கம் கொல்லப்பட்டது. ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிக் கவனித்து வந்த சிங்கம் அது. கொன்றவர் ஓர் அமெரிக்கப் பல் வைத்தியர். அவர் முன்பு கொன்ற வேறு மிருகங்களோடு எடுத்துக்கொண்ட படங்கள் உலகம் முழுவதும் பரவின. அந்தப் படங்களைக் கண்டித்தது நியாயம். ஆனால் கொலை மிரட்டல்கள் வந்தன. வைத்தியசாலையைச் சில வாரங்கள் மூடி வைக்க வேண்டியதாயிற்று. அங்கே வேலை பார்த்தவர்கள் எந்தச் சிங்கத்தைக் கொன்றார்கள்? மிருகத்தின் மேல் உள்ள கருணையால் மனிதர்களை வேட்டையாடக் கிளம்புகிறவர், தாம் கண்டிக்கிற ருசியைத் தாமே கொஞ்சம் சுவைத்துப் பார்க்கிறார்.

ஆகவே இரு தரப்புக்கும் ஒரே அளவுகோல்தான் வைக்க முடியும். படத்தைப் பற்றிப் பேசுகிறவருக்கு, எவ்வளவு கடுமையாகப் பேசினாலும், படம் போட்டவர் காது கொடுக்க வேண்டும். ‘காட்டைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?’ என்று மடக்குவது பதில் ஆகாது. செத்துப்போன யானையைப் பார்த்து வருந்துவதற்குக் காட்டிலே பிறந்திருக்க வேண்டியதில்லை. பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறவருக்குப் பதில் எழுத வேண்டாம். மிரட்டுகிறவரைப் போலீஸார் கவனித்துக்கொள்வார்கள்.

வேட்டையில் தமக்கு மெய்யாகவே நம்பிக்கை இருந்தால், அதன் நியாயத்தையும் படத்துக்குள் கொண்டுவரப் பாருங்கள் என்று வேட்டைக்காரர்களுக்குச் சொல்வேன். குடியானவனின் வயலைக் காட்டுங்கள். மிருகம் எப்படிச் செத்தது, எத்தனை நேரத்தில் செத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிச் சொல்லக் கை வரவில்லை என்றால், எதிரே கூச்சலிடும் ஆயிரம் பேரைவிட அந்தத் தயக்கமே நல்ல விமரிசகர். அதன் பேச்சைக் கேட்பது நல்லது.