பாங்காக்கில் பதினொரு பேர்

வேலை விஷயமாக நான்கு முறை பாங்காக் போயிருக்கிறேன். அந்த நகரத்தைச் சுற்றியுள்ள வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் புது அச்சுகளின் மாதிரிகளைச் சோதித்து ஒப்புதல் கொடுப்பது எங்கள் வேலை. ஒவ்வொரு முறையும் பயணத் திட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே ‘ஊர் சுற்றிப் பார்த்தல்’ என்று ஒரு வரி இருக்கும். முதல் மூன்று முறை பெரிய குழுவோடு ஊர் பார்க்கப் போனேன், நான்காவது முறை இரண்டு பேரோடு. உடன் வேலை பார்ப்பவர்களோடு ஊர் பார்ப்பதால் பயன் உண்டா என்று கேட்டால், “நல்லதுதானே” என்று எல்லோரும் சொல்லிவிடுகிறோம். அந்தப் பதிலைக் கறாராகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. ஆறு நாள் உழைத்தவரின் ஒரே ஓய்வு நாளை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

மூன்றாவது பயணத்தில் நாங்கள் பதினொரு பேர். ஒரு வேன், நான்கு இடங்கள். எட்டு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு, கிளம்பியது எட்டே முக்காலுக்கு. முதல் இடமான பெரிய அரண்மனையின் வாசலில் அரைக்கால் சட்டையோடு வந்த இருவரை நிறுத்திவிட்டார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அவர்கள் எதிர்க்கடையில் யானைப் படம் போட்ட தொளதொளப் பேண்ட் வாங்கி மாட்டிக்கொண்டு வரும்வரை மற்ற ஒன்பது பேரும் வெயிலில் நின்றோம். வெளிநாட்டவருக்கு நுழைவுச் சீட்டு 500 பாட். அவ்வளவு கொடுத்து உள்ளே போய், மரகத புத்தர் சந்நிதியில் நாங்கள் இருந்தது மூன்று நிமிடம்.

அந்தச் சிலை 66 சென்டிமீட்டர் உயரம்தான். பச்சைக் கல்லில் செதுக்கி, கண் எட்டுவதற்கே சிரமமான உயரத்தில் பொன் பீடத்தின் உச்சியில் வைத்திருக்கிறார்கள். கோடை, மழை, குளிர் என்று பருவம் மாறும்போதெல்லாம் மன்னரே வந்து அதற்கு உடை மாற்றுவது மரபு. தரையில் உட்கார்ந்து, இருட்டுக்குக் கண் பழகிய பிறகுதான் அது தெரிய ஆரம்பிக்கும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. நாலு பேர் உடனே வெளியே நகர்ந்தார்கள். உட்கார நினைத்தவர்கள், ‘நம்மால் எல்லோரும் காத்திருக்க வேண்டுமே’ என்று கூசி எழுந்துவிட்டார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பதினொரு பேரில் யாராவது ஒருவர் எப்போதும் கிளம்பத் தயாராக இருப்பார். எந்த இடத்திலும் அங்கே ஆர்வம் மிகக் குறைந்தவர் எவரோ, அவருடைய அளவுக்குத்தான் மொத்தக் குழுவும் பார்க்கிறது. ஆள் கூடக் கூட அந்த அளவு சுருங்கிக்கொண்டே போகும்.

வாட் போ கோயிலிலும் இதே கதை. 46 மீட்டர் நீளச் சயன புத்தரைத் தலையிலிருந்து கால்வரை நடந்து பார்த்தோம், பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்களுக்கு முன் நின்று படம் எடுத்தோம், திரும்பினோம். அதே வளாகத்தில் மூன்றாம் ராமர் என்று அழைக்கப்படும் மன்னர் காலத்தில் மருத்துவத்தையும் பிடித்துவிடும் கலையையும் கல்லில் வெட்டிப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இடம்பெற்ற கல்வெட்டுகள் அவை. கல்லில் மனித உருவம் வரைந்து நரம்புப் பாதைகளைக் கோடு கோடாகக் காட்டியிருப்பதை நான் அடுத்த பயணத்தில்தான் பார்த்தேன். முதல் மூன்று முறையும் அதன் பக்கத்தில்தான் நடந்து போயிருக்கிறேன்.

ஊரைப் பார்ப்பது என்ற அளவுகோலை மட்டும் வைத்தால் இந்த ஏற்பாடு தோற்றுப்போனது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அதே நாளில் இன்னொன்றும் நடந்தது, அதையும் தராசில் வைத்தாக வேண்டும். மரகத புத்தர் கோயிலின் சுற்று மண்டபச் சுவர் முழுக்க ராமகியன் ஓவியம், மொத்தம் 178 பகுதிகள். தாய்லாந்து மக்களின் இராமகதை அது. எங்கள் பிரிவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் அங்கே அப்படியே நின்றுவிட்டார். செய்யாறு பக்கம் ஊர், கூத்து கட்டும் குடும்பம். கூட்டங்களில் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. “அண்ணே, இராமனும் பச்சை, இராவணனும் பச்சை. எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?” என்று ஆரம்பித்தார். பிறகு அவரே முகத்தையும் கிரீடத்தையும் வைத்துக் கண்டுபிடித்துச் சொன்னார். வெள்ளைக் குரங்கு அனுமன். அந்த அனுமன் மீன் உடல் கொண்ட இளவரசியைக் காதலிக்கிறான், அவள் இராவணன் மகள் என்று கையேட்டைப் பார்த்து நான் சொன்னதும் அவர் முகத்தில் வந்த வியப்பு இன்னும் நினைவிருக்கிறது. கதையின் எந்த இடத்தை எப்படி நிறுத்தி, எங்கே பாட்டு எடுப்பார்கள் என்று தன் தாத்தாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நாற்பது நிமிடம். குழுவைத் தவறவிட்டு, தொலைபேசியில் திட்டு வாங்கினோம்.

ஊர் திரும்பிய இரண்டாவது வாரம், ஒரு அச்சில் பிசிறு கூடுகிறது என்று அவர் நேராக என் மேசைக்கு வந்து சொன்னார். முன்பு என்றால் படிவத்தில் குறித்துவிட்டுப் போயிருப்பார், நான் நான்கு நாள் கழித்துப் பார்த்திருப்பேன்.

ஆலை உணவகத்தில் சேர்ந்து சாப்பிட்டால் இந்த நெருக்கம் வராதா? இரண்டு வருடம் வரவில்லையே. அங்கே யார் எந்த மேசையில் உட்காருவது என்பதைப் பதவி தீர்மானிக்கிறது. பாங்காக்கிலோ தாய்லாந்து எழுத்து எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வழி தெரியாத இடத்தில் பதவி கொஞ்ச நேரத்துக்குச் செல்லாது. அயலூரில் உடன் பணியாளரோடு நடப்பதன் உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அது வாய்த்தது குழுவிலிருந்து நாங்கள் பிரிந்த பிறகு. வேனுக்குள் பதவியும் கூடவே ஏறிக்கொள்கிறது: முன் இருக்கை யாருக்கு, எங்கே சாப்பிடுவது, எப்போது திரும்புவது எல்லாம் மூத்தவர் சொன்னபடிதான்.

குழுவுக்குச் சாதகமானவற்றையும் சொல்ல வேண்டும். அரண்மனைப் பக்கம் தனியாக நடப்பவரிடம் “இன்று மூடியிருக்கிறது” என்று பொய் சொல்லி, டுக்டுக்கில் ஏற்றி ரத்தினக் கடையில் இறக்கிவிடும் ஏமாற்று அங்கே பழையது. வேனில் போனவர்களை அது தொடாது. முதல் வெளிநாட்டுப் பயணம் என்றால் கூட ஆள் இருப்பது பெரிய தைரியம். சைவம் சாப்பிடுபவருக்கு, காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுகிற ஊரில், ‘ஜே’ என்று எழுதிய மஞ்சள் கொடி தொங்கும் கடையைத் தேடித் தருவதற்கு நாலு கண்கள் கூடுதலாக இருப்பது நல்லதே. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மூன்று பேர் போதும், பதினொரு பேர் தேவையில்லை.

இரவு நேரத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. சீலோம் சாலையை ஒட்டிய, மதுக்கூடங்கள் நிறைந்த பாட்பாங் தெருவுக்குச் சிலர் கிளம்புவார்கள். பெண் பொறியாளர்களை அழைக்க மாட்டார்கள். குடிக்காதவர் தானாக ஒதுங்கிவிடுவார். மறுநாள் காலை, எந்த விற்பனையாளருக்கு எந்த வேலை என்ற முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். ஒரு முறை அப்படி எடுத்த முடிவை, அந்த அச்சை ஒரு மாதம் சோதித்த பெண் பொறியாளர் காலைச் சிற்றுண்டி மேசையில்தான் தெரிந்துகொண்டார். அது ஊர் பார்ப்பது ஆகாது. அலுவலகக் கூட்டத்தைச் சிலரை வெளியே நிறுத்திவிட்டு நடத்துவது. இதில் இன்னொரு பக்கம் என்று எடுத்து வைக்க எனக்கு எதுவும் இல்லை.

நான்காவது பயணத்தில் மூவராகப் போனோம்: நான், அந்த இளைஞர், அந்தப் பெண் பொறியாளர். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர்கள் இருவருக்கும் விட்டேன். சாத்தோன் துறையில் ஆரஞ்சுக் கொடி கட்டிய பொதுப் படகில் ஏறினோம், ஆளுக்கு 16 பாட். நடத்துநர் தகர உருளையைக் கலகலக்கவிட்டுச் சீட்டுக் கிழிக்க, படகைத் துறையில் அணைக்கும்போது பின்னாலிருந்து ஒருவர் விசிலாலேயே ஓட்டுநருக்கு வழி சொல்ல, ஆற்றின் இரு கரையும் நகர்ந்தன. தா சாங் துறையில் இறங்கி, பெரிய ஊஞ்சலுக்கு நடந்தோம். இருபது மீட்டருக்கு மேல் உயரமான சிவப்புத் தேக்குத் தூண்கள். 1784-இல் முதலில் நட்டது. அதில் ஊஞ்சலாடும் சடங்கை 1935-இல் நிறுத்திவிட்டார்கள். எதிரே தேவஸ்தான், அரச அந்தணர்களின் கோயில். சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சந்நிதி.

மார்கழி–தை ஒட்டி அங்கே நடக்கும் விழாவுக்குத் திரியம்பவாய் என்று பெயர். திருவெம்பாவை என்ற சொல்தான் அப்படித் திரிந்திருக்கிறது. அந்தணர்கள் அப்பாடல்களை இன்றும் ஓதுகிறார்கள், பொருள் மறந்துபோன பிறகும். இதைச் சொன்னதும் அந்த இளைஞர் அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். “சின்ன வயசுல எங்க தெருவுல விடியக்காலை இதைப் பாடிட்டுப் போவோம் அண்ணே” என்றார். யாரும் எங்களைக் கிளப்பவில்லை. அன்று நாங்கள் பார்த்தது இரண்டே இடம். மற்றவர்கள் சட்டுசக் சந்தைக்குப் போயிருந்தார்கள், இருவர் விடுதியிலேயே தூங்கினார்கள்.

சிறு குழுவாகப் பிரிந்தால் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒருவர் தனித்துப் போவார் என்ற ஆட்சேபம் நியாயமானது. புதிதாகச் சேர்ந்தவருக்கு அது வலிக்கும். இரவுச் சாப்பாட்டை எல்லோருக்கும் பொதுவாக வைத்தால் பாதி சரியாகும். மீதிப் பாதிக்கு மூத்தவர் ஒருவர் அந்த ஆளைத் தன்னோடு அழைத்துப் போக வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு: உடன் பணியாளரோடு ஊர் பார்ப்பது செய்யத்தக்கதே, மூன்று நான்கு பேருக்கு மேல் போகாமல், ஒன்றிரண்டு இடங்களோடு, இளையவர் தேர்வில், வர விருப்பம் இல்லாதவர் வராமல் இருக்கும் உரிமையோடு. மொத்தக் குழுவையும் வேனில் ஏற்றி நான்கு இடம் காட்டும் ஞாயிறு வேண்டாம்.

பயணத் திட்டம் போடும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர் காட்ட விரும்பினால் வெள்ளிக்கிழமை மதியம் வேலை நேரத்தில் மூன்று மணி நேரம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே எதுவும் எழுதாமல் விடுங்கள்.