மேசை இல்லாத கந்தோர்

ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்களில் யாழ்ப்பாணத்தார் இறுகப் பிடித்துக்கொண்டது 'கந்தோர்'. எழுதும்போது அலுவலகம் என்போம். வாயில் வருவது கந்தோர்தான். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று பிள்ளை வளர்த்த ஊர் இது. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை 'கிளாக்கர்' என்றதும் சீதனக் காணியின் பரப்புக் கூடும். இவ்வளவு கந்தோர்ப் பித்துள்ள சமூகம் அந்தக் கந்தோரைப் பார்த்து எப்படிச் சிரித்தது?

பிற நாடுகளில் விடை எளிது. பிராங்க் டிக்கன்ஸ் வரைந்த 'பிரிஸ்டோ' தொடர்சித்திரம் லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில் 1962 முதல் 2001 வரை வந்தது. செஸ்டர்-பெரி என்ற பெருங்கம்பனியின் கொள்முதல் பகுதியில் கிளாக்கராகவே காலந்தள்ளியவன் பிரிஸ்டோ. ஜப்பானில் சாத்தோ சம்பெய்யின் 'ஃபுஜி சந்தாரோ' 1965 இல் தொடங்கி அசாகி சிம்புனில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. 1989 இல் வந்த ஸ்கொட் அடம்ஸின் 'டில்பேர்ட்' உச்சத்தில் இரண்டாயிரம் பத்திரிகைகளைத் தொட்டது. கறுப்பினத்தவர் பற்றி அடம்ஸ் பேசிய பேச்சால் 2023 இல் நூற்றுக்கணக்கான பத்திரிகைகள் அதைக் கைவிட்டன. மூன்றுக்கும் பொதுவானவை மேசை, மேலதிகாரி, மணிக்கூடு. சிரிப்பு நாலு சுவருக்குள்ளேயே பிறக்கிறது.

நம்மவரிடம் வந்தால் சுவரே இல்லை. கரவெட்டிச் சிவஞானசுந்தரம், அதாவது 'சிரித்திரன்' சுந்தர், பம்பாய்க்குக் கட்டடக்கலை படிக்கப் போய்க் கேலிச்சித்திரக்காரராகத் திரும்பியவர். தினகரன் பத்திரிகையில் அவருடைய 'சவாரித்தம்பர்' வீடுவீடாகப் புகுந்தார். 1963 இல் அவர் தொடங்கிய 'சிரித்திரன்' இதழில் மைனர் மச்சான், சின்னக்குட்டி, மிஸ்டர் அன்ட் மிஸிஸ் டாமோடிரன் என்று ஒரு குடும்பமே குடியேறியது. 1996 இல் அவர் மறையும்வரை அந்தப் பெயர்கள் ஊர்ப்பேச்சில் புழங்கின. ஒருவரும் மேசையால் அறியப்பட்டவரல்லர்.

ஆனால் அவற்றில் இரண்டு பெயர்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். தம்பரின் அடைமொழி மாட்டுவண்டிச் சவாரியிலிருந்து வந்தது. வயல்வெளியின் புழுதி அதில் இருக்கிறது. தாமோதரனோ டாமோடிரனாகிவிட்டார். இரண்டு மெல்லிய தகரங்கள் டகரங்களாகத் தடித்ததைத் தவிர அவருக்கு வேறொன்றும் நேரவில்லை. அந்தத் தடிப்புக்குள்ளே ஆங்கிலக் கோவைகளும் துரைமாரின் உச்சரிப்பும் கொழும்புச் சீவியமும் அடங்கிவிட்டன. கந்தோர் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதைக் காட்ட சுந்தருக்குக் கந்தோர் வேண்டியிருக்கவில்லை; இரண்டு எழுத்துப் போதுமாயிருந்தது.

காரணம் காங்கேசன்துறை ரயில் மேடையில் நின்றால் விளங்கும். வடபகுதிப் பாதை அங்கே கடலோரம் முடிகிறது. கந்தோரோ கொழும்பில், ஏறக்குறைய 400 கிலோமீற்றருக்கு அப்பால். உத்தியோகத்தர் அரசாங்க வாறண்டைக் காட்டிக் கோச்சி ஏறுவார். தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ விருந்தாளி போல் வந்திறங்குவார். ஊர் கண்டதெல்லாம் அவருடைய சூட்கேசையும் சப்பாத்தையும் கதை பேச்சையும்தான். பிரிஸ்டோவின் வாசகனுக்குக் கந்தோர் தினமும் அகப்படும் இடம். யாழ்ப்பாணத்து வாசகனுக்கு அது பொங்கலுக்குப் பொங்கல் வீடு தேடி வரும் நடை உடை பாவனை. எனவே சிரிப்பும் படலையடியில் பிறந்தது.

யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரலில். தனிச் சிங்களச் சட்டம் வந்தது அதே ஆண்டு ஜூலையில். கிளாக்கரைக் கொழும்புக்கு விரைவாகக் கொண்டுபோக ஒரு வண்டி. அவருடைய நாற்காலியை ஆட்ட ஒரு சட்டம். இரண்டுக்கும் இடையே மூன்று மாதங்கூட இல்லை. சிரித்திரன் காலத்து டாமோடிரன்மார் அப்படி ஆட்டங்கண்ட நாற்காலியில் இருந்துகொண்டுதான் மிடுக்குக் காட்டினார்கள். அதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கேலியில் கொஞ்சம் இரக்கமும் கசிகிறது.

விதிவிலக்கொன்று காங்கேசன்துறையிலேயே இருந்தது. 1950 இல் இயங்கத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, சுற்றுவட்டாரச் சுண்ணக்கல்லை அரைத்து, உத்தியோகத்தைச் சைக்கிள் தூரத்துக்குக் கொண்டுவந்தது. முறைவேலை, மேலதிக நேரம், சம்பள நாள் எல்லாம் ஊருக்குள்ளேயே. மேசையும் மேலதிகாரியுமாக ஒரு தொடர்சித்திரம் நமக்கு வாய்த்திருந்தால், அதற்கேற்ற களம் அந்தச் சீமெந்துத் தூசிதான். 1990 இல் போர் தொழிற்சாலையையும் ரயிலையும் ஒன்றாக நிறுத்தி, ஊரையே உயர் பாதுகாப்பு வலயமாக்கிற்று. 2015 ஜனவரியில் ரயில் காங்கேசன்துறைக்குத் திரும்பியது. தொழிற்சாலை திரும்பவில்லை.

ஆக, தமிழில் கந்தோர்ச் சித்திரம் இல்லையென்று கைவிரிப்பவர் மேசையைத் தேடுகிறார். மேடையில் இறங்கும் சூட்கேசையும் தாமோதரனின் தடித்த டகரத்தையும் பார்த்திருந்தால், வேண்டிய சரக்கு அங்கேயே கிடப்பது தெரிந்திருக்கும்.